மந்திரமும் மெய்ப்பாடும்

(வாசகர் வட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்த மந்திரம் எந்தக் காரியத்துக்குப் பலிக்கும் என்று தெரிந்துகொள்ளச் சிலர் வந்திருக்கலாம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் பிரித்து மேய்வதைக் கேட்கச் சிலர் வந்திருக்கலாம். இரண்டு தரப்பும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மந்திரம் மழை தருமா, மாப்பிள்ளை தருமா என்பது என் பொருள் அல்ல. ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்து ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோபம் வருகிறது. அழுகை வருகிறது. காரணம் பிடிபடாத ஒரு பயம் அடிவயிற்றில் வந்து உட்காருகிறது. அப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? இந்த ஒரு கேள்விதான் இன்றைய பேச்சு.

நம் வீடுகளில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. “அதையெல்லாம் நினைக்காதே, நாமத்தைச் சொல்லிக்கொண்டே இரு.” பாட்டி சொன்னாலும் பஜனை மடத்துப் பெரியவர் சொன்னாலும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆபத்து நேரத்தில் அது கைகொடுக்கவும் செய்யும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய், “அம்மா, உங்கள் உணர்ச்சியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்” என்று சொல்கிறவனை நான் மனிதனாகவே மதிக்க மாட்டேன். அங்கே கந்த சஷ்டி கவசம்தான் சரி. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் ஜபம் செய்கிற ஒருவர், பாகப்பிரிவினையில் அண்ணன் மேல் வந்த கோபத்தை அத்தனை வருடமும் சூடு ஆறாமல் வைத்திருக்கிறார் என்றால், அந்த ஜபம் இவ்வளவு நாள் என்ன வேலை பார்த்தது என்று கேட்கத்தான் வேண்டும். இப்படிப்பட்டவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

மந்திரத்தை உணர்ச்சியை அடக்கும் கருவியாகவே நாம் பழகிவிட்டோம். உணர்ச்சியை அறிவதற்கும் அது நல்ல கருவி என்பது என் கட்சி. பழைய ஏரிகளில் அளவுகல் நட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கல் அசையாது. அது அசையாமல் நிற்பதால்தான் தண்ணீர் ஏறியதும் இறங்கியதும் கண்ணுக்குத் தெரிகிறது. தினமும் மாறாமல் சொல்லப்படும் ஒரு சொல்லுக்கு அந்தக் குணம் உண்டு. நேற்றுச் சொன்ன அதே ஐந்தெழுத்துதான் இன்றும். எழுத்து மாறவில்லை. ஆனால் இன்று வேகமாக வருகிறது, பல்லிடுக்கில் நசுங்கி வருகிறது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. என்ன நடந்திருக்கிறது? காலையில் அலுவலகத்தில் மேலதிகாரி சொன்ன ஒரு வார்த்தை உள்ளே கிடக்கிறது. அது தனக்கு உறைத்ததாகவே ஜபம் செய்கிறவர் அதுவரை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஜபம் பழகியவர்கள் கொஞ்சம் கவனித்தால் இதை அவர்களே சொல்வார்கள். கோபத்தில் மந்திரம் ஓடும். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்தது முந்திக்கொள்ளும். துக்கத்தில் இழுக்கும், கடைசி எழுத்து வெளியே வராமலே கரையும். பயத்தில் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம், குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். பெருமை வந்துவிட்டால் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை: உச்சரிப்பு திடீரென்று மிக அழகாகிவிடும், யாரோ பக்கத்தில் நின்று கேட்பதுபோல. மணியை உருட்டும் விரல்கூட இதையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

இனி இந்தக் கட்சிக்குச் சாட்சி கூப்பிடுகிறேன். முதல் சாட்சி திருவண்ணாமலை.

1907 நவம்பர் 18. காவ்யகண்ட கணபதி முனி மலை ஏறி விரூபாட்ச குகைக்கு வருகிறார். சாதாரண ஆள் அல்லர். வடமொழியில் ஆசுகவி. நவத்வீபத்துப் பண்டிதர்கள் கொடுத்த பட்டம்தான் ‘காவ்யகண்ட’ என்பது. சிறு வயது முதல் மந்திர ஜபத்தில் ஊறியவர், அவர் உருவேற்றிய எண்ணிக்கையைக் கோடிக்கணக்கில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் குகையில் இருந்த இருபத்தேழு வயதுப் பிராமணசுவாமியின் காலில் விழுந்து, படிக்க வேண்டியதெல்லாம் படித்துவிட்டேன், மந்திரம் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன், இருந்தும் தவம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்கிறார். அந்த இளைஞர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தமிழில் பதில் சொல்கிறார். ‘நான்’ என்பது எங்கிருந்து எழுகிறதோ அங்கே கவனித்தால் மனம் அங்கேயே ஒடுங்கும், அதுவே தபஸ். ஒரு மந்திரத்தைச் சொன்னால் அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தபஸ். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். அந்த இளைஞரைப் பகவான் ரமண மகரிஷி என்று அழைக்கலாம் என்று சொன்னவர் இந்தக் கணபதி முனிதான்.

இந்தப் பதிலின் இரண்டாம் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. மந்திரத்தை விடு என்று ரமணர் சொல்லவில்லை. எண்ணிக்கையைக் கூட்டு என்றும் சொல்லவில்லை. சொல்கிற இடத்தைப் பார் என்கிறார். கோடி முறை உதட்டைப் பார்த்த மனிதரைக் கொஞ்சம் உள்ளே திரும்பச் சொல்கிறார். ரமணர் காட்டிய இடம் உணர்ச்சிக்கும் அப்பால் உள்ளது என்பது எனக்குத் தெரியும். அங்கே போகிற வழியில் உணர்ச்சியைக் கடந்துதான் போக வேண்டும். நான் பேசுவது வழியைப் பற்றி மட்டும்.

வழியில் என்ன இருக்கும் என்று பதஞ்சலிக்கும் தெரிந்திருக்கிறது. யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் பிரணவத்தைச் சொல், அதன் பொருளை மனத்தில் வை என்கிறார். அதனால் இடையூறுகள் விலகும் என்கிறார். உடனே அந்த இடையூறுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, அவற்றோடு கூடவே வருபவை எவை என்றும் சொல்கிறார்: துக்கம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், மூச்சின் தடுமாற்றம். ஜபத்தில் உட்காரும் மனிதருக்கு உடம்பு நடுங்கலாம், மூச்சு தடுமாறலாம் என்று நூல் எழுதிய காலத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் இது வந்தவுடன் “எனக்குத் தியானம் சரிப்பட்டு வராது” என்று பாயைச் சுருட்டிவிடுகிறார்கள்.

அடுத்த சாட்சி கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிறார், ஆனால் நம் வீட்டு வழியாகத்தான் வருகிறார். ஜான் மெயின், 1926-இல் லண்டனில் பிறந்தவர். 1950-களில் மலாயாவில் பிரிட்டிஷ் காலனி அரசு அதிகாரியாக இருந்தார். அலுவல் விஷயமாகக் கோலாலம்பூர் சுத்த சமாஜத்தின் நிறுவனர் சுவாமி சத்தியானந்தரைப் பார்க்கப் போனார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்திவந்த இடம் அது. பேச்சு தியானத்தின் பக்கம் திரும்பியது. நீ கிறிஸ்தவனாகவே இரு, உன் மதத்திலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொள், காலையும் மாலையும் அரைமணி நேரம் அதைச் சொல் என்று சுவாமி கற்றுக்கொடுத்தார். பிறகு ஜான் மெயின் பெனடிக்ட் சபைத் துறவியானார். அங்கே இந்தப் பழக்கத்தை விடச் சொன்னார்கள், கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். பல வருடம் கழித்துப் பழைய நூல்களைப் புரட்டும்போது, நாலாம், ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் காசியான் என்ற துறவியின் எழுத்தில் அதே முறை இருப்பதைக் கண்டார். எகிப்தியப் பாலைவனத் துறவிகள் செய்துவந்தது அது. 1982-இல் இறக்கும்வரை ஜான் மெயின் அதைத்தான் கற்பித்தார்.

இன்றைய பேச்சுக்கு எனக்கு வேண்டியவர் காசியான்தான். கடவுளை உதவிக்குக் கூப்பிடும் விவிலியச் சங்கீத அடி ஒன்றை ஓயாமல் சொல்லச் சொல்கிறார். ஏன் அந்த அடி என்பதற்கு அவர் தரும் காரணத்தைக் கேளுங்கள்: மனித இயல்பில் எழக்கூடிய எல்லா உணர்ச்சிகளுக்கும் அந்த ஒன்றே பொருந்தும் என்கிறார். பிறகு பட்டியல் போடுகிறார். பசி மீறும்போது, தூக்கம் வராதபோது, படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கும்போது, கோபம் கிளறும்போது, நான் எவ்வளவு நன்றாக விரதம் இருக்கிறேன் என்ற அகந்தை தலைதூக்கும்போது, இரவில் பயம் பிடிக்கும்போது, காரணமில்லாமல் மகிழ்ச்சி பொங்கும்போது. எல்லாவற்றிலும் அதே அடி. பாலைவனத்தில் தனியாக உட்கார்ந்தவனுக்குத் தலைவலி முதல் அகந்தை வரை என்னென்ன வந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரே சொல்லை எல்லா உணர்ச்சியின் நடுவிலும் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பட்டியல் கிடைத்திருக்கும்.

ஆய்வுக்கூடங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மந்திரத்தைப் பற்றிய ‘விஞ்ஞானம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதில் முக்கால்வாசி குப்பை.

1975-இல் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் எழுதிய நூலொன்று அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் செய்பவர்களைச் சோதித்துப் பார்த்தவர் அவர். இரகசிய மந்திரம் தேவையில்லை, எந்தச் சொல்லானாலும் உடம்பு இளைப்பாறும் என்பது அவர் முடிவு. ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்பதற்கான சொல்லையே சொல்லிப் பார்க்கச் சொன்னார். 2001-இல் இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தார்கள், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொல்லவும் வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 என்ற அளவுக்கு இறங்கியது. இதயமும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு இசைந்தன. வேளாங்கண்ணியும் திபெத்தும் மூச்சுக் கணக்கில் ஒன்றாகிவிட்டன. 2015-இல் இஸ்ரேலில் தியானமே பழகாதவர்களை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, ஹீப்ரூவில் ‘ஒன்று’ என்று பொருள்படும் ‘எஹாத்’ என்ற சொல்லை மனத்துக்குள் சொல்லச் செய்தார்கள். தன்னைப் பற்றியே அசைபோட்டுக்கொண்டிருக்கும் மூளைப் பகுதிகளின் ஆரவாரம் குறைந்தது.

இதோடு வேறொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2007-இல் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தபோது மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிந்தது. ஆக, திரும்பச் சொல்லும் ஒரு சொல் தன்னைப் பற்றிய கதையை அடக்குகிறது. உணர்ச்சிக்கு வைக்கும் பெயர் அபாய மணியை அடக்குகிறது. இரண்டையும் ஒரே இருக்கையில் சேர்த்துச் செய்யலாம் என்று நான் சொல்வது என் யோசனை, ஆய்வுக்கூடத்தின் தீர்ப்பு அல்ல. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குள் மந்திரம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 1910-இல் பிறந்து ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஏக்நாத் ஈஸ்வரன் அமெரிக்கா போய், 1961-இல் பெர்க்லியில் ஒரு தியான மையம் தொடங்கினார். அதற்கு நம் நீலகிரியின் பெயரையே சூட்டினார். நடக்கும்போதும் வரிசையில் நிற்கும்போதும் தூங்கப் போகும்போதும் மந்திரத்தைச் சொல்லிப் பழகு என்பது அவர் போதனை. அதை அடிப்படையாக வைத்து ஜில் போர்மன் என்ற செவிலியர்-ஆய்வாளர் போரில் மனக்காயம் பட்ட முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு பயிற்சி அமைத்தார். 173 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்தது. வாரம் ஒரு மணி நேரமாக 8 வாரம். இன்னொரு பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது மந்திரம் பழகியவர்களுக்குக் காயத்தின் அறிகுறிகளும் தூக்கமின்மையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. மந்திரத்தை அவரவர் விருப்பப்படி எந்த மதத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அமைதியாக இருக்கும்போதே பழகினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொந்தளிப்பு வந்தபிறகு மந்திரத்தைத் தேடினால் அது கைக்கு வராது.

சரி. உணர்ச்சிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றேன். எங்கே போய்ப் பெயர் தேடுவது? நம்மில் பலரிடம் இரண்டே பெயர்தான் இருக்கின்றன: ‘டென்ஷன்’, ‘மூடு சரியில்லை’. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள மொழியில் பிறந்துவிட்டு இப்படி ஏழையாக இருக்க வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழுவது உடம்பில் எப்படித் தெரிகிறது என்பதே அதன் பொருள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். தொல்காப்பியர் எட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு நிலைக்களன் சொல்கிறார். செய்யுள் எழுதுகிறவனுக்காகச் சொன்னதுதான். தியானத்தில் உட்காருகிறவன் இதை எடுத்துக் கையாண்டால் தொல்காப்பியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு ஊற்று: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மைத் தாழ்த்தியதால் வரும் அழுகை ஒன்று. இழந்ததால் வருவது ஒன்று. இருந்த நிலை குலைந்து வேறொன்றானதால் வருவது அசைவு. இல்லாமையால் வருவது கடைசி. பணி ஓய்வு பெற்ற ஒருவர் மாலையில் ஜபத்துக்கு உட்காருகிறார், தொண்டை அடைக்கிறது. மனைவியை இழந்த துக்கம் என்று அவரே நினைத்துக்கொள்கிறார். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், இன்று அடைப்பது இழவு அல்ல, அசைவு என்று தெரியவரலாம். வங்கியில் நாற்காலி போட்டு உட்காரவைத்த ஊழியர் இன்று டோக்கன் எடுத்துவிட்டு நிற்கச் சொல்லிவிட்டார். இரண்டுக்கும் மருந்து வேறு. இழவுக்கு அழ வேண்டும். அசைவுக்கு அடுத்த வேலை தேட வேண்டும். எல்லாவற்றையும் ‘மனசு சரியில்லை’ என்ற ஒரே மூட்டையில் கட்டிப்போட்டால் எந்த மருந்தும் பிடிக்காது.

வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கு. உறுப்பை வெட்டியது, குடும்பத்துக்குத் தீங்கு செய்தது, வைததும் அடித்ததும், கொல்ல வந்தது. பழங்காலப் போர்க்களப் பட்டியல்போலத் தோன்றும். ஆனால் நம் அன்றாடக் கோபங்களில் பெரும்பாலானவை குடிகோளிலும் அலையிலும் அடங்கிவிடும். “என் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டாளே” என்பது வேறென்ன? இன்னொரு சங்கதி, வயதானவர்களோடு பழகினவர்களுக்குத் தெரியும்: மேலே வெகுளியாகத் தெரிவது அடியில் இளிவரலாக இருக்கும். இளிவரலுக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மருமகள் மாத்திரையை நேரத்துக்குத் தரவில்லை என்று கத்துகிற பெரியவருக்குக் கோபம் மருமகள் மேல் அல்ல. மாத்திரைக்குக் கை நீட்ட வேண்டிய நிலைமேல்தான் கோபம். மந்திரம் சொல்லும்போது கோபத்தின் வேகம் தானே இறங்கும். இறங்கினால் அடியில் இருப்பது தலைகாட்டும். அந்த நேரத்தில் அதற்கு ஒரு பெயர் கையில் இருக்க வேண்டும். எட்டு போதவில்லை என்றால் அதே இயலில் இன்னும் முப்பத்திரண்டு இருக்கின்றன. பொறாமை இருக்கிறது, கையாறு இருக்கிறது, நடுக்கும் வியர்த்தலும் பெருமூச்சும் இருக்கின்றன.

அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை, அதாவது தம்மை ஆள்பவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பர் நினைவு வருவார். பெரியபுராணத்தின்படி அவரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் அடைத்தான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான். விலங்கும் தம் இறையும் சேர்ந்து வந்த அச்சம். அங்கே அவர் ஐந்தெழுத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறினார், திருப்பாதிரிப்புலியூரில் ஒதுங்கினார் என்பது நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதற்கு முந்தைய காட்சியை விட்டுவிடுகிறார்கள். சூலை நோயால் துடித்துத் திருவதிகை வந்து அவர் பாடிய முதற்பதிகம் ஒரு முறையீடு. வலிக்கிறது, குடலைப் புரட்டுகிறது, தாங்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். வலியே இல்லாததுபோல நடித்துவிட்டு இறைவன் பெயரை அவர் சொல்லவில்லை. வலியைச் சொன்ன வாய்தான் பின்னால் அச்சமில்லை என்று பாடியது. கல்லைக் கட்டிக் கடலில் போட்டபோது பிடித்துக்கொள்ள ஒரு மந்திரம் இருந்ததற்கு, அதிகையில் வலியை ஒளிக்காமல் சொன்னதும் ஒரு காரணம் என்று நான் படிக்கிறேன். சைவப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

இனி செய்முறை. மந்திரம் எது என்பதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். குருவிடம் தீட்சை பெற்றவர்கள் அவர் சொன்ன விதிப்படியே செய்யுங்கள். மற்றவர்கள், வீட்டில் சிறு வயதில் கேட்ட பெயரோ அடியோ எது நாக்கில் தானாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். திக்ரு பழகியவர்களுக்கும் செபமாலை பழகியவர்களுக்கும் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் ‘ஒன்று’ என்றே சொல்லலாம். சில பெயர்கள் சிலருக்குச் சின்ன வயது அடியையும் திட்டையும் நினைவுபடுத்தும். அப்படியானால் அந்தப் பெயர் வேண்டாம்.

வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் மட்டும் ஓடுவது மானசம். மானசமே உயர்ந்தது என்று நூல்கள் சொல்கின்றன. நாம் பேசும் காரியத்துக்கு வாய்விட்டே தொடங்குங்கள் என்பேன், ஏனென்றால் குரல் பொய் சொல்லாது. பத்து நிமிடம் வாய்விட்டு, பிறகு உதடு, பிறகு உள்ளே. மாலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மாலையின் தலைமணியான மேரு மணியைத் தாண்டக்கூடாது, அங்கே நின்று திரும்ப வேண்டும் என்பது மரபு. அந்த நிற்கும் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு மூச்சு நேரம் மந்திரத்தையும் நிறுத்திவிட்டு, உடம்பில் எங்கே இறுக்கம், எங்கே சூடு, எங்கே கனம் என்று பாருங்கள். எட்டில் எது? அதன் நான்கில் எது? பதில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் துருவ வேண்டாம். திரும்பி மந்திரத்துக்கு வாருங்கள். யார் சொன்னது, ஏன் சொன்னது, நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்ற கதை தொடங்கினால் அதற்குப் பேர் ஆராய்ச்சி அல்ல, சண்டை. உணர்ச்சி பெரிதாக வரும்போது மந்திரத்தின் குரலை உயர்த்தி அதை அமுக்காதீர்கள். அதே குரல், அதே வேகம். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லுங்கள். மகிழ்ச்சி வந்தாலும் பெயர் வையுங்கள். உவகைக்கும் நான்கு நிலைக்களன் உண்டு, துக்கத்தை மட்டும் நோண்டுவது ஒரு கெட்ட பழக்கம்.

இந்த முறைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மண்டலேயில் பிறந்து, 1969-இல் இந்தியா வந்து விபாசனாவைப் பரப்பிய கோயங்கா, தம் பயிற்சியில் எந்தச் சொல்லையும் பயன்படுத்தக் கூடாது என்பார். சொல் மனத்தைச் சீக்கிரம் ஒருமுகப்படுத்தும், ஆனால் அதன் அதிர்வு உடம்பில் இயல்பாக எழும் உணர்வுகளை மூடிவிடும் என்பது அவர் வாதம். அதை நான் தள்ளிவிடவில்லை. மேரு மணியில் மந்திரத்தை நிறுத்தச் சொன்னது அந்த வாதத்துக்குக் கொடுத்த மரியாதைதான். ஆனால் வெறும் அமைதியில் உட்காரச் சொன்னால் ஐந்தாவது நிமிடம் எழுந்து ஓடிவிடும் மனிதர்களே அதிகம். அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டும். 1980-களில் ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் இன்னொரு எச்சரிக்கையும் செய்தார். தீர்க்கப்படாத மனக்காயத்தைத் தொடாமல் ஆன்மிகத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறவர்களைத் தம் பௌத்த நண்பர்களிடையே அவர் நிறையப் பார்த்தார். பாகப்பிரிவினைக் கோபக்காரரை அவர் சந்தித்ததில்லை, ஆனாலும் அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் சொன்னதெல்லாம் அன்றாட உணர்ச்சிகளோடு வாழும் மனிதர்களுக்கு. சின்ன வயதில் பெரிய கொடுமையை அனுபவித்தவர்களுக்கும், நெருங்கியவரைக் கொடூரமாக இழந்தவர்களுக்கும் கண்ணை மூடி உட்கார்ந்தவுடன் அந்தக் காட்சியே திரும்ப வரலாம். அப்படி வந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள், எழுந்து நடங்கள். நடந்துகொண்டே மந்திரம் சொல்லலாம், தோஷம் ஒன்றும் கிடையாது. காதில் குரல் கேட்பதாகச் சொல்கிறவர்களையும், பல நாள் தூங்காதவர்களையும், சாக வேண்டும் என்று பேசுகிறவர்களையும் மந்திரம் சொல்லு சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பேனா இருப்பவர்கள் இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே வராத யாருக்காவது தேவைப்படும்.